நாலு மூலை மஞ்சள்

நான் எழுதிய படங்களில் கடிதம் படிக்கும் காட்சி வந்தால் கொட்டகையில் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்கும் என்பார்கள். எங்கே கற்றாய் என்று கேட்பவர்களிடம் இருபது வருஷ நாடக மேடையைச் சொல்லித் தப்பித்துக்கொள்வேன். என் முதல் கடிதத்தைப் பற்றி மூச்சு விட்டதில்லை.

அப்போது எனக்கு ஒன்பது வயது. மயிலாப்பூர்க் குளத்துக்குப் பின்னால் ஒரு சந்தில் குடியிருந்தோம். அப்பா ரங்கூனில் அரிசி ஆலை வேலை. அங்கே குண்டு விழுந்த மார்கழியோடு கடுதாசி நின்றுபோனது. காடும் மலையும் நடந்தே திரும்பியவர்களில் அவர் இல்லை. அவரைப் பார்த்தவர்களும் இல்லை. அம்மா கல்யாண வீடுகளுக்குச் சாப்பாட்டு இலை தைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

ஆடி பிறந்ததும் ஆதம்பாக்கத்திலிருந்து அத்தை வந்தாள். அப்பாவுக்கு அக்கா.

"ஏழு மாசமாச்சு. இன்னும் இன்னாத்துக்கும்மே பூவும் பொட்டும்? வர்ற அமாவாசைக்குக் கடற்கரைல வச்சு எடுக்க வேண்டியத எடுத்துடலாம். என் தம்பி தண்ணிக்குத் தவிக்கக் கூடாது."

அம்மா தலை நிமிரவில்லை. ஈர்க்குச்சி அவள் விரலில் குத்தியதை நான்தான் பார்த்தேன்.

எடுக்க வேண்டியது தாலி என்று எனக்கும் தெரியும். வீட்டில் எழுத்துத் தெரிந்த ஒரே ஆள் நான். உட்கார்ந்து எழுதினேன். புருஷன் பெண்டாட்டிக்கு எப்படி எழுதுவான் என்பதைத் திருவிழா நாடகத்தில் கேட்டதுதான். ஆகவே "பிராண நாயகியே, யாம் க்ஷேமம்" என்று ஆரம்பித்தேன். முடித்தபின் ஏதோ குறைந்தது. இலை கேட்டு வருகிற கல்யாணப் பத்திரிகையில் நாலு மூலையிலும் மஞ்சள் இருக்கும். அதைக் கண்டாலே அம்மா முகம் மலரும். அவள் குளிக்க உரைத்து வைத்திருந்த மஞ்சளைத் தொட்டு நாலு மூலையிலும் தடவினேன்.

ரங்கூனிலிருந்து நடந்து வந்த ஒருவர் தெருமுனையில் கொடுத்தார் என்று நீட்டினேன். அம்மா மூலையைக் கட்டை விரலால் தடவிப் பார்த்துவிட்டு, படி என்று என்னிடமே கொடுத்தாள். முதல் வரி தாண்டவில்லை. எட்டிப் பார்த்த அத்தை மார்பில் அடித்துக்கொண்டாள்.

"மஞ்சள் தடவிக்கீது பாரு! அடப்பாவி, அங்க ஒருத்தியக் கட்டிக்கினான்!"

"ஆடி மாசத்துல எவன் கல்யாணம் பண்ணுவான்?" என்றாள் பக்கத்து வீட்டுக்காரி.

"ரங்கூன்ல ஏதும்மே ஆடி?"

அப்படியெல்லாம் இல்லை என்று மறுபடி மறுபடி படித்தேன். "புள்ள மறைக்குது," என்றாள் அத்தை. என் முதல் நாடகத்தில் வசனத்தைத் தவிர எல்லாம் எடுபட்டது.

அம்மா மெதுவாக நிமிர்ந்தாள்.

"கட்டிக்கினா கட்டிக்கினு போறாரு, அண்ணி. உசுரோட கீறாரில்ல."

அதன் பிறகுதான் அழுதாள். யாரோ ஒரு ரங்கூன்காரியைத் தெருவே கேட்கத் திட்டித் திட்டி அழுதாள். அமாவாசை வந்து போனது. கடற்கரைக்கு யாரும் போகவில்லை.

அப்பாவைக் கெட்டவராக்கிவிட்டேனே என்று எனக்குச் சோறு இறங்கவில்லை. இரண்டு நாள் பொறுத்து, அழுதுகொண்டே உண்மையைச் சொன்னேன்.

"தெரியும்டா," என்றாள், இலையிலிருந்து கண்ணை எடுக்காமல். "மஞ்சளு ஈரமா இருந்துச்சு. ரங்கூன்லேர்ந்து வர்றதுக்குள்ள காயாதா? யாராண்டயும் வாயத் தொறக்காத."

அப்பா வரவேயில்லை. அந்த ரங்கூன்காரியைத் திட்டாமல் அம்மா ஒரு நாளும் குழாயடியில் குடம் நிரப்பியதில்லை. அவளுக்கு ஒருநாள் மாறுகண் இருக்கும், ஒருநாள் தங்கப் பல். பிற்பாடு தியாகராய நகரில் நான் வீடு கட்டி, குழாய் சமையலறைக்குள்ளேயே வந்துவிட்டது. கேட்க ஆளில்லாத அந்தக் குழாயடியிலும் திட்டினாள். பொட்டோடுதான் போய்ச் சேர்ந்தாள்.

அன்று கடிதத்தின் மூலையைத் தடவிய கட்டை விரலை அவள் தாலிக் கயிற்றில் மெல்லத் தேய்த்தாள். கையைத் துடைத்துக்கொள்கிறாள் என்றுதான் நினைத்தேன்.