ராணி ஊஞ்சல்

ஓரிக்கை போகும் பழைய பாதையில், எங்கள் வீட்டுக்குப் பின்னால் ஒரு வண்டிப்பேட்டை இருந்தது. பேட்டை என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். நான்கு கல்தூண் வைத்த சின்ன மண்டபம், மாடுகள் தண்ணீர் குடிக்க ஒரு கல்தொட்டி, நடந்து வருகிறவர்கள் தலைச்சுமையை இறக்கி வைக்க ஒரு சுமைதாங்கி, அவ்வளவுதான். பாலாற்றைத் தாண்டி நெல்லும் விறகும் ஏற்றி வந்த மாட்டுவண்டிகள் அங்கே நின்று மூச்சு வாங்கிவிட்டுத்தான் காஞ்சிபுரத்துக்குள் நுழையுமாம். பிறகு பஸ் வந்தது, ரோடு வேறு பக்கமாகப் போனது, பேட்டையை வேலிக்காத்தான் மூடிக்கொண்டது. ராணி எவளும் அங்கே கால் வைத்ததாகத் தகவல் இல்லை.

ராணியைக் கொண்டுவந்தவர் அம்மாவின் தம்பி, என் மாமா. கோயில் பார்க்க வருகிறவர்களை ஆட்டோவில் சுற்றிக் காட்டுவார். வாயைத் திறந்தால் சரித்திரம் கொட்டும். அதில் பாதி அவர் அந்த நிமிஷம் செய்தது. ஒரு வெள்ளைக்காரத் தம்பதி முள்ளுக்குள் தெரிந்த கல்தொட்டியை ஆசையாகப் படம் எடுத்ததைப் பார்த்துவிட்டு, மறுநாளே முள்ளை வெட்டி, 'பல்லவ ராணி இளைப்பாறிய மண்டபம்' என்று நீலப் பலகை நட்டுவிட்டார். ஆறே மாதத்தில் ஞாயிற்றுக்கிழமைகளில் கார்கள் நின்றன, இளநீர் வண்டி வந்தது.

சுமைதாங்கி மட்டும் சும்மா நிற்கிறதே என்று மாமாவுக்குக் குறை. இரண்டு கல்லை நட்டு, மேலே ஒரு கல்லைப் படுக்க வைத்திருப்பார்கள். ஒரு ஞாயிறு காலை அதில் அம்மாவின் சிவப்புப் புடவையைக் கட்டி, 'ராணி ஊஞ்சல்' என்று பெயர் வைத்தார். எட்டு வயது ராணியாக, பட்டுப்பாவாடையோடு நான் அதில் உட்கார்ந்தேன். வந்தவர்கள் என்னோடு செல்ஃபி எடுத்தார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை.

அன்றுதான் அப்பாவின் அக்கா வந்தார். அம்மாவுக்கு ஏழாம் மாதம். அப்பா பெங்களூரில் வேலையில் இருந்ததால், வளைகாப்புக்கு நாள் குறிக்க அத்தைதான் வரவேண்டியிருந்தது. வந்தவர் என்னைப் பார்த்ததும் கைப்பையைப் போட்டுவிட்டு ஓடி வந்தார். தோள் கழன்றுவிடும்போல என் கையைப் பிடித்து இழுத்தார்.

"இன்னாப்பா பண்ணி வெச்சிக்கிற? இந்தக் கல்லுலயா தொட்டில் கட்டுவ? உங்க அக்கா வயித்துல புள்ளய சுமந்துக்கினு இருக்குதேப்பா!"

"தொட்டில் இல்லக்கா, ஊஞ்சல்" என்றார் மாமா.

"எங்கப்பாவோட மொத சம்சாரத்துக்கு வெச்ச கல்லுப்பா இது. நெறமாசமா, புள்ள வயித்துல இருக்கவே செத்துப்போனாங்க. அப்பிடி எறக்காத சுமையோட போறவங்களுக்குத்தான் சுமைதாங்கி வெப்பாங்க."

செல்ஃபிக்கு நீட்டியிருந்த கைகள் அப்படியே நின்றன. சத்தம் கேட்டு வெளியே வந்த அம்மா, வயிற்றைப் பிடித்தபடி கல்தொட்டியின் விளிம்பில் உட்கார்ந்துவிட்டார். புடவை முடிச்சு லேசில் அவிழவில்லை, அத்தை பல்லால் கடித்துத்தான் அவிழ்த்தார். பிறகு படுத்திருந்த கல்லின் மேல் இரண்டு கையையும் வைத்தார்.

"மன்னிச்சிக்கம்மா. நீ பெத்துப் பொழச்சிருந்தா நான் ஏது, என் தம்பி ஏது, இந்தப் பொண்ணுதான் ஏது?"

நான் அதனால் எப்படி இல்லாமல் போவேன் என்று எனக்குப் புரியவில்லை. வலித்த தோளைத் தேய்த்துக்கொண்டு நின்றேன்.

இரண்டு மாதம் கழித்து, எல்லோர் வயிற்றிலும் பாலை வார்த்து, தம்பி நல்லபடியாகப் பிறந்தான். பேட்டைக்கு இன்றும் ஆட்கள் வருகிறார்கள்.

ஊஞ்சலை அவிழ்த்த அன்றே மாமா அவமானம் தாங்காமல் பலகையைப் பிடுங்கப் போனார். சுமைதாங்கிக் கல்லைத் தடவிக்கொண்டே அத்தை தடுத்துவிட்டார். "அத எடுக்காதப்பா. ராணின்னே இருக்கட்டும்."

அவ்வளவு தூரத்திலிருந்து வருகிறவர்கள் ஏமாந்து போகக்கூடாது என்றுதான் அத்தை அப்படிச் சொன்னார் என்று வெகுநாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.