துணி தானாக விடும் வரை

பாடக்குறிப்பு எழுதாமல் நான் வகுப்புக்குப் போனதில்லை. ஓய்வுபெற்று இத்தனை காலமாகியும் அந்தப் பழக்கம் விடவில்லை. நாகூர்கனி பாயைப் பற்றி எழுத உட்கார்ந்தபோதும் முதலில் இப்படிக் குறித்துக்கொண்டேன்:

1. செய்தி வந்த விதம்.
2. வலி தெரியாமல் கட்டுப் பிரிக்கும் அவர் கை.
3. கஞ்சிக்குள் கிடந்த துணி.
4. அந்தக் கை ஒரே ஒரு முறை தவறியது.
5. என்னிடம் மிச்சமிருப்பது.

இலுப்பூரில் அவரை என்னைவிட நன்றாக அறிந்தவர்கள் உங்களில் பலர் இருப்பீர்கள். பிழையிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அன்று விடிந்ததும் செய்தித்தாளுக்காக வாசலில் நின்றிருந்தேன். பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் இறப்புச் செய்தியாக அவர் பெயரைச் சொன்னார்கள். ‘சவூதி ஆஸ்பத்திரி நாகூர்கனி’ என்று அடையாளமும் சொன்னார்கள். அதன் பிறகும், வேறொரு நாகூர்கனியாக இருக்கக்கூடாதா என்று நினைத்தேன். அடுப்பை அணைத்துவிட்டு வெளியே வந்த என் மனைவி மீனாட்சி, “நம்ம பாய்தாங்க” என்றாள்.

பாய் கடற்கரை ஊர்க்காரர். சவூதியில் ஆண் செவிலியராக வேலை பார்த்துவிட்டு, மனைவி ஜொஹராவின் ஊரான இங்கே வந்து எங்கள் தெருவில் குடியேறியவர். அந்தச் சமயத்தில்தான் என் வலது கால் பெருவிரலில் செருப்புக் கடித்த புண் ஆறாமல் குழிந்துகொண்டே போயிற்று. சர்க்கரை நோய். தினமும் கட்டு மாற்றிப் பார்ப்போம், ஆறாவிட்டால் விரலை எடுக்க வேண்டியதுதான், அதோடு நிற்குமா என்றும் சொல்ல முடியாது என்றார் புதுக்கோட்டை டாக்டர். அதற்கு மேலும் ஏதோ சொன்னார். ‘எடுக்க வேண்டியதுதான்’ என்றதற்குப் பிறகு என் காதில் எதுவும் விழவில்லை.

விஷயத்தைக் கேள்விப்பட்டு, மறுநாள் காலையே பாய் வந்துவிட்டார். புண்ணைப் பார்க்க எனக்குத் தைரியமில்லை. செய்தித்தாளை முகத்துக்கு நேரே விரித்துக்கொள்வேன்.

“காலை இங்கிட்டுக் குடுத்துட்டு, நீங்க அங்கிட்டு டெல்லிக்குப் போயிட்டு வாங்க சார்” என்பார்.

காஸ் துணி, அந்தச் சல்லாத்துணி, புண்ணோடு ஒட்டிக் காய்ந்திருக்கும். அவர் இழுக்கமாட்டார். என் காலை மடியில் வைத்துக்கொண்டு, உப்புக் கரைசலைச் சொட்டுச் சொட்டாக விட்டுக் காத்திருப்பார். “இழுத்தா புதுத்தோலும் கூடவே வந்துரும் சார். நனைச்சு வச்சா துணி தானா விடும்.”

“கொஞ்சங்கூட வலிக்கலை பாய். என்ன கை உங்களுக்கு!” என்று தினமும் சொல்வேன். அவர் குனிந்து இன்னும் கொஞ்சம் நனைப்பார். புகழ்ச்சிக்குக் கூசுகிறார் என்று எடுத்துக்கொண்டேன்.

நோன்பு மாதத்தில் ஒருநாள் தூக்குவாளியில் கஞ்சி கொடுத்தனுப்பினார். ஊற்றும்போது அதிலிருந்து ஒரு சிறிய வெள்ளை முடிச்சு விழுந்தது. மீனாட்சி அலறிவிட்டாள். “ஐயையோ, புண்ணுக்குக் கட்டுற துணிங்க!” பட்டையும் கிராம்பும் வைத்துக் கட்டிய காஸ் துணி. எடுக்க மறந்திருக்கிறார்கள்.

மறுநாள் பாய் விழுந்து விழுந்து சிரித்தார். “அது புதுப் பொட்டலத்துல வெட்டுனது அக்கா. சார் கால்ல சுத்துனதை அவருக்கே வேகவச்சுக் குடுப்பேனா?” நன்னாரி வடிகட்டுவது, ஊறுகாய் ஜாடிக்கு வாய் கட்டுவது, எல்லாம் அவர்கள் வீட்டில் அந்தத் துணிதானாம். மீனாட்சி முகம் சுளித்தாள். ஒரே வாரத்தில் அவளே ஒரு துண்டு கேட்டு வாங்கி, தயிரைக் கட்டித் தொங்கவிட்டாள். நான்தான் அந்தக் கஞ்சியைக் குடிக்கவில்லை.

பல மாதம் கழித்து ஒரு காலை. கடைசி மடிப்பை அவர் எடுத்தபோது சுருக்கென்றது. “ஆ!” என்று கத்திவிட்டேன்.

“எங்க சார்? இங்கயா?” மறுபடி தொட்டார். மறுபடி கத்தினேன்.

“அல்ஹம்துலில்லாஹ்” என்றார்.

ஒரு மனிதன் வலியில் கத்த, இவர் இறைவனுக்கு நன்றி சொல்கிறாரே என்று எனக்கு மனத்தாங்கல். வயதாகிவிட்டது, கை நடுங்குகிறது போலும் என்று நினைத்தேன், கேட்கவில்லை. அன்று மாலை வட்டிலாப்பம் என்ற இனிப்போடு வந்தார். “சாருக்கு ஸ்பூன் நுனியில மட்டும் குடுங்க அக்கா. இன்னைக்கு நல்ல நாளு.” என்ன நல்ல நாள் என்று சொல்லவில்லை. பிறகு புண் மெல்ல மெல்ல ஆறியது.

இவ்வளவும் முந்தாநாள் எழுதி முடித்தேன். நேற்று துக்கம் கேட்கப் போனோம். கணவரை இழந்தவர் வெளி ஆண்களைப் பார்க்காமல் இருக்கும் இத்தாவில் ஜொஹரா இருப்பதால் மீனாட்சி மட்டும் உள்ளே போனாள். திரும்பி வரும் வழியில் ஜொஹரா சொன்னதை எனக்குச் சொன்னாள்:

“ஒங்க சார் வலிக்கலை வலிக்கலைன்னு சொல்லச் சொல்ல, இவுக இங்க வந்து சோறு எறங்காம ஒக்காந்திருப்பாக அக்கா. ‘அந்தக் கால்ல உணர்ச்சியே இல்ல ஜொஹரா, விரலு தங்குமான்னு தெரியல. சொன்னா மனுசன் பயந்தே போயிருவாரு’ம்பாக. அவரு கத்துன அன்னைக்கித்தான் இவுக வயிறாரச் சாப்பிட்டாக.”

இரண்டாவது குறிப்பை அடிக்க எனக்கு மனமில்லை. எப்படி இழுத்திருந்தாலும் எனக்குத் தெரிந்திருக்காது. அந்தக் காலை மடியில் வைத்துக்கொண்டுதான் அவர் அத்தனை நேரம் காத்திருந்தார்.

என்னிடம் மிச்சமிருப்பவை: வலது காலின் ஐந்து விரல்கள், செருப்பை மாட்டும்போது அந்தப் பழைய இடத்தில் இன்றும் தெரியும் ஒரு மெல்லிய வலி.

நான்காவது குறிப்பு தவறு. அன்று பாயின் கை தவறவில்லை.