பெல்லெக்ரினோ மலையில் எரிந்த கிளச்

என் கணவர் கிளச்சிலிருந்து காலை எடுக்க மாட்டார். கார் ஓடினாலும் நின்றாலும் இடது கால் அந்த மிதியின் மேலேயே இருக்கும். பக்கத்தில் காலை வைப்பதற்கென்றே காரைச் செய்தவர்கள் ஓர் இடம் விட்டிருக்கிறார்கள்; அது இன்றுவரை புத்தம் புதிதாக இருக்கிறது. கேட்டால், பலெர்மோவில் எந்த நேரம் எவன் குறுக்கே வருவான் என்று தெரியாது, ஆயத்தமாக இருக்க வேண்டும் என்பார். ஏற்றத்தில் சிவப்பு விளக்கு விழுந்தால், கிளச்சைப் பாதி விட்டு, ஆக்சிலேட்டரை மெல்ல அழுத்தி, காரை அந்தரத்தில் பிடித்து வைத்திருப்பார். ஹேண்ட் பிரேக் என்பது, அவருடைய கருத்தில், ஓட்டத் தெரியாதவர்களுக்கானது.

எனக்கும் ஓட்டத் தெரியும். நான் வேலை செய்யும் இத்தாலிய வீட்டு அம்மாவை, சிஞ்ஞோராவை, அவருடைய காரில் டாக்டரிடமும் கடைக்கும் ஏற்றி இறக்குவது நான்தான். எங்கள் காரின் சாவி மட்டும் என் கைக்கு வந்ததில்லை. "உமக்கு இந்தக் காரின்ரை குணம் தெரியாது" என்பார்.

ஒரு கோடையில் அந்தக் கார் புதுக் குணம் காட்டத் தொடங்கியது. ஆக்சிலேட்டரை மிதித்தால் எஞ்சின் பெரிதாக உறுமும். வேகம் மட்டும் கூடாது. கணவர் முதலில் பெட்ரோலைக் குற்றம் சொன்னார். பிறகு வெயிலை. பிறகு நான் பின் சீட்டில் ஏற்றிய அரிசி மூட்டையை.

"கிளச் போகுது போலை கிடக்கு. ஒருக்கால் கராஜிலை காட்டுவமே?" என்று கேட்டேன்.

"சிஞ்ஞோராவின்ரை பொம்மைக் காரை ஓடிப்போட்டு எனக்குக் கிளச் படிப்பிக்க வாறீர்" என்றார். அத்தோடு ஆராய்ச்சி முடிந்தது.

அந்த நிலையில் இருந்த காரைத்தான் ஒரு ஞாயிற்றுக்கிழமை மலையேற்றினார். எங்கள் மேல்வீட்டில் இருக்கும் மன்னார்த் தம்பதியும் கூட வந்தார்கள். பெல்லெக்ரினோ மலைக் குகைக்குள் இருக்கும் ஊர்க் காவல் புனிதை சாந்தா ரொசாலியாவிடம் கத்தோலிக்கர்களான அவர்களும் போவார்கள், சைவர்களான நாங்களும் போவோம். நாலு பேர், ஒரு கட்டு மெழுகுதிரி, வழியில் தின்ன ஒரு பெரிய பெட்டி நிறையப் பொரித்த ரோல்ஸ். கார் வளைவு வளைவாக முனகிக்கொண்டு ஏறியது.

"அண்ணை, என்னவோ எரியிற மணம் வருது" என்றாள் மேல்வீட்டுப் பெண்.

"அது முன்னாலை போற பஸ்ஸின்ரை மணம், தங்கச்சி."

பஸ் ஒரு தரிப்பிடத்தில் ஒதுங்கியது. அதைக் கடந்து போனோம். மணம் எங்களோடேயே வந்தது.

அடுத்த வளைவில் எஞ்சின் அலறியது. கார் நின்றது. பிறகு, மிகுந்த அடக்கத்தோடு, பின்பக்கமாக நகரத் தொடங்கியது. மேல்வீட்டுப் பெண் "யேசுவே" என்றாள். நான் "முருகா" என்றேன். கணவர் பிரேக்கை மிதித்து, ஓட்டத் தெரியாதவர்களுக்கான அந்த ஹேண்ட் பிரேக்கையும் இழுத்தார்.

ஆண்கள் இருவரும் இறங்கிப் பொனட்டைத் திறந்து உள்ளே பார்த்தார்கள். அங்கிருந்து பார்த்தால் கிளச் தெரியாது. அதற்காக அவர்கள் பார்ப்பதை நிறுத்தவில்லை. மலையேற வந்த பலெர்மோக்காரர்களும் ஒவ்வொருவராகத் தலையை நீட்டினார்கள். ஒருவர் பாட்டரி என்றார், ஒருவர் ரேடியேட்டர் என்றார். வெறுங்காலோடு வந்த ஒரு கிழவர், நேரே மேலே போய்ப் புனிதையிடம் முறையிடச் சொன்னார். கிடைத்த ஆலோசனைகளில் அது ஒன்றுதான் உருப்படியானது. நானும் மேல்வீட்டுப் பெண்ணும் மெழுகுதிரிகளை எடுத்துக்கொண்டு நடந்தே போய்க் கும்பிட்டுவிட்டு வந்தோம். திரும்பியபோது காரை ஏற்றிப்போக லொறி வந்திருந்தது. ரோல்ஸ் பெட்டி காலியாகக் கிடந்தது.

ஒரேத்தோப் பகுதியில் எங்கள் வீட்டுக்கு அருகே ஒரு கராஜ் உண்டு. அங்கே மெக்கானிக் பழைய கிளச் தட்டைக் கழற்றி எங்கள் முன் நீட்டினார். உராயும் பகுதி முழுவதும் தேய்ந்து ஆணித் தலைகள் தெரிந்தன, ஓரமெல்லாம் கருகியிருந்தது. அவர் தட்டைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

"சிஞ்ஞோரா, எப்போதும் காலை மிதியிலேயே வைத்திருக்கக் கூடாது" என்றார், சின்னப் பிள்ளைக்குச் சொல்வதுபோல.

நான் கணவரைப் பார்த்தேன். விசா புதுப்பிக்கும் குவெஸ்தூராப் பொலிஸ் கந்தோர் வரிசையில் முந்தப் பார்ப்பவர்களோடு இத்தாலிய மொழியில் சரளமாகச் சண்டை பிடிக்கிற மனிதர். அந்த நேரம் பார்த்து அவர் சுவரில் தொங்கிய டயர் விலைப் பட்டியலைக் கவனமாக வாசித்துக்கொண்டிருந்தார்.

"நான் இந்தக் காரை ஒருநாளும் ஓட்டியதில்லை" என்றேன்.

மெக்கானிக் கணவர் பக்கம் திரும்பினார். முகத்திலிருந்த கண்டிப்புப் போய் அனுதாபம் வந்தது. "என்ன செய்வது, இந்த ஊர் டிராபிக்கை எந்தக் கிளச்தான் தாங்கும்?" என்று அவருடைய தோளில் தட்டினார். கிளச் தட்டு அதே தட்டுத்தான். என் கால் என்றால் காலில் பிழை. அவர் கால் என்றால் ஊரில் பிழை.

எனக்கு வந்த கோபத்துக்கு வேலையில்லாமல் கார் பார்த்துக்கொண்டது. மெக்கானிக் பூட்டிய புதுக் கிளச், மிதியைக் கொஞ்சம் விட்டதுமே பிடித்துவிடும். கணவரின் காலோ பழைய இடத்தைத் தேடியது. கராஜ் வாசலிலேயே கார் ஒரு துள்ளுத் துள்ளி நின்றது. தெருமுனையில் இன்னொரு துள்ளு. விளக்கடியில் பச்சை விழுந்தும் நகராமல் நின்றபோது, பின்னாலிருந்த ஹோர்ன்கள் எல்லாம் சேர்ந்து ஒலித்தன. ஒரு ஸ்கூட்டர்காரன் எங்களைச் சுற்றிப் போகும்போது கணவருடைய குடும்பத்தைப் பற்றித் தன் அபிப்பிராயத்தைச் சொல்லிவிட்டுப் போனான்.

"நீர் ஒருக்கால் எடும். எனக்குக் கால் நோகுது" என்றார்.

"எந்த நேரமும் மிதிச்சுக்கொண்டிருந்தா நோகும்தானே."

இடம் மாறினோம். மிதியை மெல்ல விட்டேன். கார் பேசாமல் போனது. வீடுவரை அவர்தான் பேசிக்கொண்டு வந்தார்.

அதன் பிறகு சாவி என்னிடமே தங்கிவிட்டது. சில வாரம் கழித்து மேல்வீட்டுக்காரர் எங்களோடு மீன் வாங்க வந்தார்.

"அண்ணை, இப்ப அக்காவே ஓடுறா?" என்று ஆச்சரியப்பட்டார்.

"ஓம். புதுக் கிளச் எல்லோ? முதல்லை பாரம் குறைஞ்ச காலாலை பழக்கி எடுக்கவேணும்" என்றார் என் கணவர்.

மேல்வீட்டுக்காரர் மரியாதையோடு தலையாட்டினார். நான் இரண்டாம் கியருக்கு மாற்றி, கடற்கரை வீதிக்குத் திருப்பினேன்.