என் மகள் வாயில் நான் வைத்த வரிகள்

வளைகுடாவில், அல் குசைஸ் என்ற பகுதியில், எங்கள் வார இறுதித் தமிழ் வகுப்புக் குழந்தைகளுக்கு வருடம் ஒருமுறை பேச்சுப் போட்டி நடக்கும். பெயர்தான் குழந்தைகள் போட்டி. உண்மையில் அது அப்பாக்கள் போட்டி. அப்பா தமிழில் பேச்சை எழுதுவார். குழந்தைக்குத் தமிழ் எழுத்து சரளமாக வராது என்பதால் அதையே ஆங்கில எழுத்தில் தட்டி, பிரின்ட் எடுத்து, காரிலும் லிஃப்டிலும் சாப்பாட்டு மேசையிலும் ஒப்பிக்க வைப்பார். போட்டியன்று மேடையில் ஒரு வாய் அசையும். கீழே மூன்றாவது வரிசையில் இன்னொரு வாயும் கூடவே அசையும். குழந்தை தடுமாறினால் அப்பா எழுந்து நின்று அடுத்த வார்த்தையை எடுத்துக் கொடுப்பார். அதற்கு மார்க் குறைப்பதில்லை. குறைத்தால் யாருக்குமே மார்க் மிஞ்சாது.

அந்தப் போட்டியில் இரண்டு வருடம் தொடர்ந்து முதல் பரிசு வாங்கியவன் நான். என் மகள் வாங்கினாள் என்றுதான் சொல்ல வேண்டும், ஆனால் உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். கட்டடங்களுக்கு ஏ.சி. குழாய் வரைபடம் போடுவது என் வேலை. அதில் யாரும் எனக்குக் கை தட்டியதில்லை.

மூன்றாவது வருடத் தலைப்பு 'குழந்தைகளின் உரிமை'. மகளுக்கு அப்போது பதினோரு வயது. எனக்கோ ஒரு கட்டடத்தை ஒப்படைக்க வேண்டிய நெருக்கடி. மத்தியானச் சாப்பாட்டு இடைவேளையில் சைட் ஆபீஸில் உட்கார்ந்து, ஆங்கிலத்தில் பேச்சுக் குறிப்புகள் கொடுக்கும் ஏதோ ஒரு இணையப் பக்கத்தைப் போனில் திறந்து, சோற்றுக் கையைத் துடைத்துவிட்டு மொழிபெயர்க்க ஆரம்பித்தேன். அதில் மூன்று வரிகள் என்னைச் சொக்க வைத்தன. 'வயது என்பது பெரியவர்கள் எழுப்பிய சுவர். எந்த வயதுக்காரரோடும் அன்பு கொள்ளும் உரிமை குழந்தைக்கு உண்டு. அந்த உரிமையைப் பறிக்க எந்தச் சட்டத்துக்கும் அதிகாரம் இல்லை.' தமிழில் எழுதிப் படித்தபோது எனக்கே எழுந்து நிற்க வேண்டும் போலிருந்தது. பரிசு வீட்டுக்கு வந்துவிட்டது என்றே நினைத்தேன். மகள் இரண்டு வாரத்தில் தண்ணீர்பட்ட பாடாக ஒப்பித்தாள்.

பேச்சுகளை முன்கூட்டியே நடுவருக்கு அனுப்பிவிட வேண்டும் என்பது விதி. அந்த வருட நடுவர், பக்கத்துத் தெருப் பள்ளிக்கூடத்தில் நூலகராக இருந்த ஒரு அக்கா. பாளையங்கோட்டைக்காரர், ஐம்பதைத் தாண்டியவர். ஊரைவிட்டு வந்து இருபது வருடத்துக்கு மேலாகியும் பேச்சில் ஊர் அப்படியே இருந்தது. கறார் பேர்வழி என்று பெயர். நாங்கள் அவரிடம் புத்தகம் இரவல் வாங்கக்கூடப் பயப்படுவோம்.

போட்டிக்கு மூன்று நாள் முன்பு போன் செய்தார். "தம்பி, டூட்டி முடிஞ்சு லைப்ரரிக்கு ஒரு எட்டு வாரீங்களா? போன்ல பேசுத விஷயமில்ல."

பாராட்டத்தான் கூப்பிடுகிறார் என்று நினைத்து, போகிற வழியில் ஒரு டப்பா பேரீச்சம்பழம் வேறு வாங்கிக்கொண்டு போனேன்.

பள்ளி விட்டிருந்தது. நூலகத்தில் அவரைத் தவிர யாரும் இல்லை. மேசைமேல் என் பேச்சு. அந்த மூன்று வரிகளுக்குக் கீழே பென்சில் கோடு.

"இது எங்க எடுத்தீங்க?"

போனில் அந்தப் பக்கத்தைக் காட்டினேன். அவர் அதிர்ச்சி அடையவில்லை. எழுந்து போய் அலமாரியிலிருந்து ஒரு நீள நோட்டை எடுத்து வந்து, பாதியில் திறந்து என் பக்கம் திருப்பினார். அவர் கையெழுத்தில், ஆங்கிலத்தில், கிட்டத்தட்ட என் மூன்று வரிகளும் அங்கே இருந்தன.

"இத எழுதினது குழந்தைங்களுக்கு நல்லது நெனைக்கவங்க இல்ல தம்பி. குழந்தைங்கள தப்பா தொடுததுக்கு சட்டத்துல இடம் கேக்குதவங்க."

எனக்கு முதலில் புரியவில்லை. அப்படிக் கேட்க ஒரு கூட்டம் இருக்கும் என்பதே என் புத்திக்கு எட்டாத விஷயம். அப்படிப்பட்டவன் இருட்டில் ஒளிந்திருப்பான் என்றுதான் நினைத்திருந்தேன். லெட்டர்பேடும் உறுப்பினர் கார்டும் வைத்துக்கொண்டு கூட்டம் போடுவான் என்று யார் நினைப்பார்கள்?

போட்டார்களாம். அக்கா நிதானமாகச் சொன்னார். சில பத்தாண்டுகளுக்கு முன்பு, மேற்கே ஒரு நாட்டில், கொஞ்சம் ஆண்கள் சேர்ந்து ஆரம்பித்தது. வெளிப்படையாகக் கேட்டால் ஊர் செருப்பால் அடிக்கும் என்று தெரியும். அதனால் 'குழந்தைகளின் விடுதலை' என்று பெயர் சூட்டிக்கொண்டார்கள். பத்திரிகை நடத்தினார்கள். அப்போது உரிமை கேட்டுப் போராடிக்கொண்டிருந்த வேறு இயக்கங்களின் ஊர்வலத்தில் தங்கள் பதாகையோடு நுழையப் பார்த்தார்கள். படித்தவர்கள் சிலர்கூட, சுதந்திரம் என்ற சொல்லைக் கேட்டதும் மயங்கி, பேசட்டுமே என்று இடம் கொடுத்தார்கள்.

"அப்புறம் எப்படி ஒழிஞ்சாங்க?"

"ஒழியல. சுருங்கினாங்க." அக்காவின் முகத்தில் முதல் தடவையாக ஒரு வெளிச்சம் வந்தது. "யாரு சுருக்கினாங்கன்னு சொல்லுதேன் கேளுங்க. அம்மாமாருங்க. கூட்டம் நடந்த மண்டபத்து வாசல்ல போய் நின்னாங்க. இடம் குடுத்தவங்க வெக்கப்பட்டு சாவிய திருப்பி வாங்கினாங்க. எந்த ஊர்வலத்துல நுழைய பாத்தாங்களோ, அந்த ஊர்வலத்துக்காரங்களே எங்க பேர கெடுக்காதன்னு வெளிய தள்ளினாங்க. எல்லாத்துக்கும் மேல, சின்ன வயசுல கஷ்டப்பட்டவங்க வளந்து வந்து, எங்களுக்கு இது விடுதல இல்ல, நாங்க எப்பவும் சரின்னு சொல்லல, நீங்கதான் எங்க பேர்ல சொன்னீங்கன்னு சபையில எந்திரிச்சு சொன்னாங்க. அதுக்கு எவ்வளவு தைரியம் வேணும் பாருங்க."

இப்போது அந்தக் கூட்டம் ஒரு இணையப் பக்கமும் விரல்விட்டு எண்ணக்கூடிய ஆட்களுமாகக் கிடக்கிறதாம். ஆனால் அவர்களுடைய வரிகள் மட்டும் பெயரை உதிர்த்துவிட்டு வேறு வேறு பக்கங்களில் ஏறிவிடுகின்றன. அப்படி ஏறிய ஒன்றைத்தான் நான் சோற்றுக் கையைத் துடைத்துக்கொண்டு பிடித்திருக்கிறேன்.

அந்த நோட்டு எதற்கு என்று கேட்டேன். அக்கா கொஞ்சம் கூச்சப்பட்டார். எங்கேயாவது இந்த வரிகள் தென்பட்டால் குறித்துக்கொள்வாராம். பிறகு அந்தப் பக்கத்தை நடத்துகிறவர்களுக்கும், அதை நூலகப் பட்டியலில் சேர்த்தவர்களுக்கும் கடிதம் எழுதுவாராம். பதினாறு வருடமாக, வெள்ளிக்கிழமை மத்தியானங்களில். பெரும்பாலும் பதில் வராது. சில பக்கங்கள் சத்தமில்லாமல் காணாமல் போயிருக்கின்றன. அவற்றுக்கு நேரே மட்டும் ஒரு சின்ன டிக். நானும் பதினாறு வருடமாக வெள்ளிக்கிழமை மத்தியானம் பிரியாணி தின்று தூங்கியிருக்கிறேன். ஒரு மனுஷி இப்படி யாருக்கும் தெரியாமல் உட்கார்ந்து காவல் காத்திருக்கிறாள் என்று நினைத்தபோது, அவர் காலில் விழலாமா என்று இருந்தது.

விழவில்லை. அதற்குப் பதிலாகச் சண்டை போட்டேன். என் குணம் அது.

"சரிக்கா, அந்த மூணு வரிய அடிச்சிடலாம். முடிஞ்சது, கலாஸ்" என்றேன்.

"தாள்ல அடிச்சிருவீங்க. பாப்பா மனப்பாடம் பண்ணிட்டாளே, அவ மண்டையில எப்படி அடிப்பீங்க? ஏன் எடுத்தோம்னு அவகிட்ட சொல்லணும்."

"பதினோரு வயசு குழந்தைகிட்ட இதையெல்லாம் சொல்லச் சொல்றீங்களா? உங்களுக்குக் குழந்தை இல்ல, அதான் ஈசியா சொல்றீங்க."

சொன்ன மறு நொடி நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. அக்கா கோபப்படவில்லை. நோட்டின் முதல் பக்கத்தைத் திருப்பினார். அவர் இந்தப் பள்ளியில் சேர்ந்த புதிதில், மாணவர்கள் ப்ராஜெக்டுக்குப் பார்க்க வேண்டிய இணையப் பக்கங்கள் என்று ஒரு பட்டியல் தயாரித்துச் சுவரில் ஒட்டினாராம். குழந்தை உரிமை என்ற தலைப்பின் கீழ் அந்தக் கூட்டத்தின் பக்கமும் இருந்தது. பெயரைப் பார்த்துச் சேர்த்தது. ஒரு மாதம் சுவரில் இருந்திருக்கிறது. எந்தப் பிள்ளை பார்த்தது, எது பார்க்கவில்லை என்று அவருக்கு இன்றுவரை தெரியாது.

"நானும் யாருகிட்டயும் சொல்லாம பட்டியல கிழிச்சுட்டேன் தம்பி. வேல போயிரும், விசா போயிரும்னு பயம். அந்தப் பிள்ளைங்ககிட்ட ஒரு வார்த்த சொல்லிருக்கணும். அத சொல்லாததுக்குத்தான் இவ்வளவு கடுதாசி."

பேரீச்சம்பழ டப்பாவை மேசையில் வைத்துவிட்டு, மன்னிப்புக்கூடக் கேட்காமல் கிளம்பினேன். நர்ஸாக இருக்கும் என் மனைவியிடம் சொன்னபோது, "அக்கா சொல்றது சரி. எழுதினது நீங்க, நீங்களே சொல்லுங்க" என்று முடித்துவிட்டாள்.

மறுநாள் மகளை டான்ஸ் கிளாஸிலிருந்து கூட்டி வந்து, வீட்டுக்குக் கீழே பார்க்கிங் தேடி மூன்று சுற்று சுற்றி, நான்காவது சுற்றில் இடம் கிடைத்தும் இறங்காமல் ஏ.சி.யைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தோம். சில பெரியவர்கள் குழந்தைகளைத் தொடக்கூடாத விதத்தில் தொட ஆசைப்படுவார்கள், அதை அன்பு என்று சொல்லி ஏமாற்றுவார்கள், அப்படிப்பட்டவர்கள் எழுதிய வரி உன் பேச்சில் வந்துவிட்டது, தெரியாமல் அப்பா செய்த தப்பு என்று சொன்னேன். அவ்வளவுதான் சொல்ல முடிந்தது.

அவள் பயப்படவில்லை. "ஸ்கூல்ல சேஃப் டச் கிளாஸ் எடுத்தாங்கப்பா, ஐ நோ" என்றாள். பிறகு என் பக்கம் திரும்பினாள்.

"அந்த லைன்ஸ், கிட்ஸ் சொன்ன மாதிரியே இருக்கே. கிட்ஸ் யாரும் சொல்லலையா?"

"இல்லம்மா. பெரியவங்க எழுதி, குழந்தைங்க கேக்கிற மாதிரி காட்டினாங்க."

"ஓ. என் ஸ்பீச் மாதிரி."

குற்றம் சொல்லும் குரல் இல்லை. கணக்குப் பாடத்தில் விடை சரியாக வந்ததும் சொல்வது மாதிரிதான் சொன்னாள். அவர்கள் எங்கே, நான் எங்கே என்று கத்த வேண்டும் போல் கோபம் வந்தது. யாரிடம் கத்துவது?

அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும். இல்லை. வீட்டுக்குப் போனதும் அந்த வரிகளை எடுத்துவிட்டு, நல்ல வரிகளாக நானே எழுதி, ஆங்கில எழுத்தில் தட்டி, பிரின்ட் எடுத்துக் கொடுத்தேன். வாங்கிப் பையில் வைத்துக்கொண்டாள்.

சனிக்கிழமை ஹால் நிறைந்திருந்தது. மகள் மேடையேறி வணக்கம் சொன்னாள். முதல் பத்தி கணீரென்று வந்தது. இரண்டாவது பத்தியில் புது வரிகள் ஆரம்பிக்கும் இடத்தில் நின்றுவிட்டாள்.

மறந்துவிட்டாள் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். பக்கத்தில் இருந்த தமிழ் வகுப்புச் செயலாளர் என் தோளைத் தட்டினார். "சார், பாப்பா முழிக்குது. எடுத்துக் குடுங்க." தாளோடு எழுந்து நின்றேன். முதல் சொல் நாக்கு நுனியில் இருந்தது. நடுவர் மேசையில் அக்கா மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, அவளைப் பார்க்காமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மகளும் என்னைப் பார்த்தாள். மைக்கில் தெளிவாக, "வேணாம்பா" என்றாள்.

செயலாளர் மறுபடி தட்டினார். நான் உட்கார்ந்துகொண்டேன். தாளை நான்காக மடித்துச் சட்டைப் பையில் போட்டேன்.

"இது அப்பா எழுதினது. எனக்கு ஹாஃப்தான் புரியுது. புரியாதது நான் சொன்னா, அது நான் சொன்னது இல்ல" என்றாள். "எனக்கு என்ன வேணும்னு என்னை கேளுங்க. நான் ஸ்லோவா சொல்லுவேன். வெயிட் பண்ணுங்க. நன்றி."

ஒரு நிமிஷம்கூட ஆகியிருக்காது. கை தட்டுவதா வேண்டாமா என்று ஹாலில் யாருக்கும் தெரியவில்லை. அக்கா மட்டும் எழுந்து நின்று தட்டினார். மூன்று நிமிஷம் பேச வேண்டும் என்ற விதிப்படி அவளுக்குப் பரிசு எதுவும் கொடுக்கவில்லை. அதற்காகவும் அவர்மேல் எனக்கு மரியாதை கூடியது.

திரும்பும்போது காரில், "அடுத்த வருஷம் என்ன பேசப்போற?" என்று கேட்டேன். அவள் ஜன்னல் பக்கம் திரும்பி யோசிக்க ஆரம்பித்தாள். இரண்டு சிக்னல் தாண்டியும் பதில் வரவில்லை. என்னிடம் மூன்று நல்ல தலைப்புகள் தயாராக இருந்தன. வாயை மூடிக்கொண்டு வண்டி ஓட்டினேன்.