இருபத்திமூண்டாம் நம்பர்

ஷிப்னா, உன்ட டாப்பு என்ட அலுமாரிக்குள்ளதான் இருக்கு. நீலக் கலர் சீ.ஆர். கொப்பி. பழைய கலண்டர் தாளால உறை போட்டு, உள்ளுக்கு அடிமட்டம் வெச்சிக் கோடு கீறி, வகுப்புல வரவு குறிக்கப் பேரெல்லாம் நம்பர் போட்டு எழுதினது. மூலைல பிளேன்டித் தேத்தண்ணி ஊத்துப்பட்ட கறை ஒண்டு. அது என்ட கையால ஊத்துப்பட்டது. அதுக்கு நீ ஏசின ஏச்சும் ஞாபகம் இருக்கு.

ஷிப்னா என்ட தங்கச்சி, நான் அவளுக்குக் காக்கா. என்ன விட ரெண்டு வயசு எளமை. டீச்சர் ஆகுறதுக்குக் கல்வியியல் கல்லூரில படிச்சவள். லீவுக்கு ஹொஸ்டல்ல இருந்து வந்தா, படிப்பிச்சுப் பழக அவளுக்கு ஒரு வகுப்பு வேணும். வீட்டுல ஆப்பிட்டது நான் மட்டும்தான். நான் டைல்ஸ் பதிக்கிற வேலைக்குப் போறவன். பின்னேரம் கை காலெல்லாம் சீமெந்தோட வந்து குந்தினா, "காக்கா, இப்ப நீங்க மூணாம் ஆண்டுப் புள்ள. கால நீட்டாம ஒழுங்கா இருங்க" என்டுவாள். மொதல்ல டாப்புக் கூப்பிடணும். ஒரு வகுப்புக்குப் பேர் பத்தாது என்டு எங்கட பூனை, பக்கத்து வீட்டு ஆடு, என்னோட வேலை செய்ற பொடியன்மார் எல்லாரையும் எழுதி வெச்சிருந்தாள். அத்தின பேருக்கும் நான்தான் பதில் சொல்லணும். ஆட்டுட பேரு வந்தா, ஆடு கத்துற குரல்ல "வந்திருக்கன் டீச்சர்" என்டுவன். உம்மா குசினிக்குள்ள சமைச்சிக்கொண்டே விழுந்து விழுந்து சிரிப்பா. "இந்தப் புள்ளைட உம்மாவக் கூட்டிட்டு வரச் சொல்லணும்" என்டு அவள் மொறைப்பாள். "உம்மா இந்தா இருக்கன் டீச்சர், நல்லா ரெண்டு போடுங்க" என்டு உம்மா சத்தம் வெப்பா.

அந்த டாப்புல ஒண்டாம் நம்பர் என்ட பேரு. அதுக்கு ஒரு காரணம் இருக்கு.

நான் ஏழாம் ஆண்டோட பள்ளிக்கூடம் விட்டவன். வாப்பா கண்ண மூடி மவுத்தான வருசம் மாமாவோட வேலைக்குப் போகத் தொடங்கினன். கொஞ்ச மாசம் கழிச்சி, மழையால வேலை இல்லாத ஒரு நாள், ஆசைல வெள்ளச் சேட்டப் போட்டுக்கொண்டு பள்ளிக்கூடம் போனன். டாப்புக் கூப்பிட்டாங்க. எனக்கு முன்னுக்குள்ள பேரு வந்திச்சி. அடுத்தது எனக்குப் பின்னுக்குள்ள பேரு. பதில் சொல்லத் தொறந்த வாய மூடிட்டன். சிவப்புக் கோடு போட்டு என்ட பேர வெட்டியிருக்காங்க. கனநாள் வராத புள்ளைட பேர வெட்டத்தான் வேணும், டீச்சர்ல பிழை இல்ல. ஆனா அன்டைக்குப் பள்ளிக்கூடம் விடும் மட்டும் கதிரைல இருந்துட்டு வந்தனே, அந்த இருப்ப நான் யாருக்கும் சொன்னதில்ல. ஷிப்னாக்கு மட்டும்தான் சொன்னன். அப்ப அவள் சின்னவள். எத்தினயோ வருசம் கழிச்சி ஒண்டாம் நம்பர்ல என்ட பேர எழுதிட்டு, "இத யாரும் வெட்ட ஏலா காக்கா, டாப்பு என்டக்கிட்ட இருக்கு" என்டாள்.

கடைசி வருசம் ஒரு பள்ளிக்கூடத்துல படிப்பிச்சுப் பழகிக்கொண்டிருந்த நேரம் காய்ச்சல் வந்திச்சி. டெங்கு. ஆஸ்பத்திரிக் கட்டில்ல கிடந்துகொண்டு, "திங்கக்கிழமைப் பாடத்துக்கு மட்டைல வட்டம் வெட்டித் தாங்க காக்கா, டைல்ஸ் வெட்டுற கைதானே" என்டாள். வெட்டி வெச்சன். திங்கக்கிழமை வரக்குள்ள அவள் இல்ல. வட்டம் வெட்டின அதே கையாலதான் மையவாடில மண்ணும் போட்டன்.

அதுக்குப் பொறகு கொஞ்ச மாசத்துல கொலிஜ்ல இருந்து ஒரு சேர் ஃபோன் எடுத்தார். அங்க படிச்சு வெளியான பழைய ஆக்களையும், ஷிப்னாட கூடப் படிச்ச புள்ளைகளையும் கௌரவிக்கிற விழாவாம். மவுத்தானவங்கட பேர முடிவுல தனியா வாசிப்பாங்களாம், எல்லாரும் எழும்பி நிப்பாங்களாம். நான் அடுத்த நாளே வேலைக்குப் போகாம மோட்டார் சைக்கிள எடுத்துக்கொண்டு போய் அவருக்கு முன்னால நிண்டன்.

"சேர், அவள்ட நம்பர் என்ன?"

"இருபத்திமூண்டு."

"அந்த நம்பர்லயே கூப்பிடுங்க சேர்."

"தம்பி, அவ கடைசிச் சோதினை எழுதல்லயே. தனியா வாசிக்கிறது கூடின மரியாதைதானே."

"சான்றிதழ் கேக்கல்ல சேர். இருபத்திரெண்டுக்குப் பொறகு இருபத்திநாலக் கூப்பிட்டா, நடுவுல என்ன இருக்கும்?"

சேர் கூட்டத்துல கேட்டுச் சொல்றன் என்டார். நான் திரும்பவும் போனன். மூண்டாம் தரமும் போன நேரம் பியோன் காக்கா, "தம்பிக்கு இங்க ஒரு கதிர போடணும் போல" என்டு பகிடி பண்ணினார். "போடுங்க காக்கா, கீழ டைல்ஸும் பதிச்சித் தாறன்" என்டன். சிரிச்சன்தான். ஆனா அவள்ட பேருக்கு மேல சிவப்புக் கோடு விழ உடுறதில்ல என்டு மனசுக்குள்ள இறுகிட்டன். அப்பவும் கொலிஜ்ல இருந்து முடிவு ஒண்டும் வரல்ல.

உம்மா வரமாட்டன் என்டுதான் சொல்லிக்கொண்டிருந்தா. "என்ட புள்ள இல்லாத எடத்துக்கு நான் என்னத்துக்கு மகன்?" விழா நாள் காலைல பாத்தா, அபாயாவ உடுத்துக்கொண்டு வாசல்ல நிக்கிறா. "அவள்ட பேரக் கூப்பிட்டா ஆரு பதில் சொல்றது? நீ வாயத் தொறக்க மாட்டாய்."

"கூப்பிடுவாங்களோ தெரியா உம்மா."

"கூப்பிடாட்டிக் கேப்பம். வா."

மண்டபம் நிறைஞ்ச சனம். வயசான டீச்சர்மாருக்கெல்லாம் பொன்னாடை போத்தினாங்க. பொறகு புள்ளைகள்ட பேர சேர் வாசிக்கத் தொடங்கினார். நான் வெரல மடிச்சி மடிச்சி எண்ணினன். இருபத்திரெண்டு, திருக்கோவில் ஊர்த் தமிழ்ப் புள்ள, ஷிப்னாட ஹொஸ்டல் கூட்டாளி. கேடயத்த வாங்கிட்டு எறங்காம மேடை ஓரத்துலயே நிண்டிச்சி. சேர் கண்ணாடியக் கழட்டித் துடைச்சிப் போட்டார். எனக்கு அந்தப் பழைய பள்ளிக்கூடக் கதிரைல இருக்கிற மாதிரியே இருந்திச்சி.

"ஷிப்னா" என்டார் சேர். முன்னுக்குப் பின்னுக்கு ஒண்டும் போடல்ல. பேரு மட்டும்.

உம்மாதான் சேரப் பாத்து, மண்டபம் முழுக்கக் கேக்க, "ஓம் மகன், வாறம்!" என்டா. உம்மாக்கு முழங்கால் வருத்தம். மேடைக்கு நாலு படி. அந்தக் கூட்டாளிப் புள்ள ஓடி வந்து கையப் புடிச்சிச்சி. உம்மா ஏறிப் போய், கேடயத்த வாங்கி, திரும்ப எறங்கி வந்து கதிரைல இருக்கும் மட்டும் சேர் இருபத்திநாலக் கூப்பிடல்ல.

வீட்ட வந்து கேடயத்த அலுமாரில வெச்சிட்டு டாப்ப எடுத்தன். அன்டையத் தேதிக்கு என்ட பேருக்கு நேர அடையாளம் ஒண்டு போடுவமா என்டு பேனையத் தொறந்தன். போடல்ல. அது அவள் போடுறது. பக்கம் பக்கமாத் திருப்பிப் பாத்தன், ஒரு பேராவது வெட்டுப்பட்டு இல்ல. ஆடும் இருக்கு, பூனையும் இருக்கு, நானும் இருக்கன்.

இத வாசிக்கிற எல்லாருக்கிட்டயும் ஒண்டு கேக்கன். தொழுதுட்டுக் கையேந்துற நேரம், மவுத்தானவங்க எல்லாருக்கும் என்டு பொதுவாக் கேக்குறதோட நிப்பாட்டாம, என்ட தங்கச்சிட பேரையும் சொல்லிக் கேளுங்க. அந்தத் திருக்கோவில் புள்ள மாதிரி மத்தச் சமயத்து ஆக்களும் உங்கட முறைல அவளுக்காகக் கேளுங்க. ஷிப்னா என்டு பேரச் சொல்லியே துஆச் செய்யுங்க.