எழுத்துகளில் ஓடிய பஸ்

போன ஞாயிறு மத்தியானம், திண்டுக்கல்லில் நான் பாடம் எடுக்கும் கம்ப்யூட்டர் சென்டரில் ஒரு பஸ் ஓடியது. வெறும் கோடு, அடைப்புக்குறி, எழுத்துகளால் ஆன பஸ். எங்கள் பழைய கம்ப்யூட்டரில் படமெல்லாம் எங்கே வரும்?

செய்தவர் ஜெயராணி. எங்கள் சென்டரில் டைப்பிங் சொல்லிக்கொடுப்பவர், செம்பட்டிக்காரர். கணவர் அந்தோணி, பஸ் டிரைவர். சில மாதங்களுக்கு முன் பக்கவாதம் வந்து வலது கை விழுந்துவிட்டது. பேச்சும் போயிருந்தது; அது கொஞ்சம் திரும்பியும், மனிதர் வாயே திறப்பதில்லை. விரல்களுக்குப் பயிற்சி கொடுக்கச் சொன்னார் டாக்டர். ரப்பர் பந்தைக் கொடுத்தால் அது பாட்டுக்கு மடியில் கிடக்கும்.

ஜெயராணி யோசித்தார். என்னிடம் ‘சி’ புரோகிராமிங் கற்றுக்கொண்டு ஒரு கேம் எழுதினார். விரலால் கீயை அழுத்தினால் பஸ் நகரும். அவ்வளவுதான்.

அதற்கு முந்தைய வாரம் கணவரை அழைத்துவந்து உட்காரவைத்தார். பஸ் நகர்ந்தது... திரை படபடவென்று துடித்தது. அந்தோணி கண்ணை மூடி முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

“கண்ணு கூசுது போல சார். இனி கூப்புட்டா வர மாட்டாக” என்றார் ஜெயராணி.

தவறு என்னுடையது. பஸ் ஒவ்வொரு அடி நகரும்போதும் மொத்தத் திரையையும் அழித்து, மறுபடி வரையச் சொல்லிக்கொடுத்திருந்தேன். நடுவில் வரும் இருட்டுதான் அந்தத் துடிப்பு. இருவரும் ஒரு வாரம் உட்கார்ந்து மாற்றினோம். அடுத்த காட்சியை முதலில் மெமரியில் தயாரித்துக்கொண்டு, மாறிய எழுத்துகளை மட்டும் திரையில் மாற்றுவது.

எப்படியோ கெஞ்சி மறுபடி அழைத்துவந்தார். கணவரின் விரலை எடுத்துக் கீயின் மேல் வைத்தார். விரல் நடுங்கி நடுங்கி அழுத்தியது. பஸ் துடிக்காமல் போனது.

அந்தோணி வெகுநேரம் பார்த்தார். பிறகு குழறலாக, “சக்கரம்... சுத்தலையே” என்றார்.

ஜெயராணி கண்ணைத் துடைத்துக்கொண்டு, நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். சக்கரம் இருந்த இடத்தில் பெருக்கல் குறியும் கூட்டல் குறியும் மாறி மாறி வரச் செய்தார். சுற்றியது.

நோயாளியைப் பார்க்கப் போனால் பழம் கொடுக்கிறோம், ஆறுதல் சொல்கிறோம். அவருக்கு நன்றாகத் தெரிந்த ஒன்றில் நம்மைக் குறை சொல்ல ஒரு சந்தர்ப்பம் கொடுக்கிறோமா?

அந்தோணி திரும்பவும் அழுத்தினார். ஒரு முறை, பத்து முறை... திரையில், ஆங்கில ‘எம்’ எழுத்தாக ஓர் ஆடு குறுக்கே வந்தது. விரலை எடுத்துவிட்டு மனைவியை நிமிர்ந்து பார்த்தார்.

“ஹாரன் எங்க?”

இந்த வாரம் வாத்தியாருக்கும் சேர்த்து ஹோம்ஒர்க்!