சேலைத் திரைக்கு வெளியே நின்று சொன்ன ஞானஸ்நானம்

“1954 ஜூலை 14, புதன். மழை. காலை 10.20க்குப் பெண் குழந்தை. ஞானஸ்நானம் கொடுத்தாயிற்று. 10.50க்கு இறந்தது.”

அன்றைய என் நாட்குறிப்பில் இவ்வளவுதான் இருக்கிறது. ஞானஸ்நானம் கொடுத்தது யார் என்று நான் எழுதவில்லை. எழுதும்போது அது ஒரு குறையாகவும் தெரியவில்லை.

அப்போது நான் இலங்கையில் பொகவந்தலாவைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் வாத்தியார். குடியுரிமை மனுப் போடுகிறவர்கள், எந்த வருஷம் எந்தத் தோட்டத்தில் இருந்தோம், பிள்ளை எப்போது பிறந்தது என்று கேட்டுக்கொண்டு என்னிடம் வருவார்கள். அவர்களுக்காகத் தேதி தேடித் தேடி, எதையும் தேதியோடும் சாட்சியோடும் குறித்துவைப்பது எனக்குப் பழக்கமாகிவிட்டது. சொந்த வீட்டு விஷயத்தில்தான் அது தவறியது.

எங்கள் குடும்பம் மூன்று தலைமுறையாகக் கத்தோலிக்கக் குடும்பம். ஆனாலும் பிள்ளை பிறக்கிற அறைக்குள் ஆண் நுழைவதில்லை என்ற வழக்கம் எங்களை விட்டுப் போகவில்லை. அன்று காலை நடு அறையின் குறுக்கே என் மனைவியின் சேலையொன்றைக் கயிற்றில் தொங்கவிட்டிருந்தார்கள். சேலைக்கு உள்ளே மனைவியும் தோட்டத்து மருத்துவச்சியும். வெளியே நான். மருத்துவச்சி புராட்டஸ்தாந்து சபையைச் சேர்ந்தவர், என்னைவிடப் பத்து வயது மூத்தவர். அவரை நான் அக்கா என்பேன், அவர் என்னை மாஸ்டர் என்பார்.

குழந்தை அழவில்லை. சிறிது நேரத்தில் அக்காவின் குரல் வந்தது: “மாஸ்டர், புள்ளைக்கு மூச்சு தங்கலீங்க. ஏதாவது செய்யணும்னா இப்பவே செஞ்சுக்கங்க.”

நான் உள்ளே ஓடியிருக்கவேண்டும். சேலையை விலக்கினால் எட்டிவிடும் தூரம்தான். ஆனால், “தண்ணி எடுத்து தலையில ஊத்துங்கக்கா! நான் சொல்றேன், நீங்க ஊத்துங்க!” என்று நின்ற இடத்திலிருந்தே கத்தினேன். செம்பு உரசும் சத்தம் கேட்டதும், பிதா, சுதன், இஸ்பிரீத்து சாந்துவின் பெயரைச் சொல்லி, குழந்தையின் பெயரையும் சொல்லி, ஒரு வார்த்தை பிசகாமல் முடித்தேன். தண்ணீர் தரையில் சொட்டியது எனக்குக் கேட்டது.

மறுநாள் ஹட்டனிலிருந்து சுவாமியார் வந்தார். அவர் வயதான வெளிநாட்டவர், தமிழ் நன்றாகத் தெரிந்தவர். “ஞானஸ்நானம் ஆயிற்றா?” என்று கேட்டார். “ஆயிற்று சுவாமி” என்றேன். அவரும் மேலே கேட்கவில்லை. ஞானஸ்நானம் பெற்ற குழந்தையின் அடக்கத்துக்குக் கறுப்பு உடுப்பு இல்லை. வெள்ளை அணிந்துதான் வந்தார். ஆத்தும இளைப்பாற்றிக்கு மன்றாட்டும் இல்லை. அந்தக் குழந்தைக்கு அது தேவைப்படாது என்பது எங்கள் விசுவாசம். மந்திரித்த மண்ணில் அடக்கம் செய்தோம்.

என் மனைவி அந்த வெள்ளை உடுப்பைப் பிடித்துக்கொண்டாள். “நம்ம புள்ள சம்மனசுங்க” என்பாள், மோட்சத்துத் தேவதூதர் என்ற அர்த்தத்தில். மாதந்தோறும் பதினான்காம் தேதி ஒரு மெழுகுவர்த்தி கொளுத்துவாள். குழந்தைக்காக வேண்டமாட்டாள். தனக்காக வேண்டிக்கொள்ளும்படி குழந்தையிடம் கேட்பாள். அந்த ஒரு நம்பிக்கையில்தான் மறுபடி எழுந்து சமைத்தாள், சாப்பிட்டாள், அக்கம்பக்கத்தாரோடு பேசினாள்.

அக்டோபரில் ஒரு ஞாயிறு பிற்பகல், மனைவி பக்கத்து வீட்டாரோடு கடைவீதிக்குப் போயிருந்தபோது, அக்கா தொழிலாளர் வரிசை வீடுகளான லயங்களில் பிள்ளைகளைப் பார்த்துவிட்டுத் திரும்பும் வழியில் வந்தார். ஈரக் குடையை மூலையில் சாத்திவிட்டு அடுப்படியில் உட்கார்ந்தார். நான் தேநீர் போட்டேன்.

“மாஸ்டர், ஒண்ணு கேட்டா கோவிச்சுக்க மாட்டீங்களே?”

“கேளுங்கக்கா.”

“அன்னைக்கு நான் புள்ள மூச்சுக்குப் போராடிக்கிட்டு இருக்கேன். நீங்க தண்ணி, தண்ணின்னு கத்துறீங்க. ஊத்தலைன்னா கர்த்தர் அந்தப் பச்சப்புள்ளய வேணாம்னு தள்ளிருவாரா?”

கோபம் வரத்தான் செய்தது. ஆனால் அவர் கிண்டலுக்குக் கேட்கவில்லை என்று முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. அலமாரியிலிருந்து ஞானோபதேசப் புத்தகத்தை எடுத்தேன். தேவதிரவிய அனுமானம் என்பது கண்ணுக்குத் தெரிகிற அடையாளம், அது எந்த வரப்பிரசாதத்தைக் காட்டுகிறதோ அதையே ஆத்துமத்துக்குக் கொடுக்கவும் செய்கிறது, அப்படி ஏழு உண்டு என்று ஆரம்பித்தேன்.

“ஏழா! நாங்க ரெண்டோட நிறுத்திட்டோம். சிக்கனமான சனங்க.”

“சிரிங்க, சிரிங்க.”

“இல்ல மாஸ்டர், அந்த ஏழுல ஒண்ணு எண்ணெய் பூசுறதாமே. சாகப்போற ஆளுக்கு எதுக்கு எண்ணெய்? என்கிட்ட சொன்னா நானே நல்லெண்ணெய் தேச்சு விட்டுருவேனே.”

“உங்க வேதப்புத்தகத்துலயே யாக்கோபு நிருபம் அஞ்சாம் அதிகாரத்தை எடுத்துப் பாருங்க. வியாதிக்காரனுக்கு எண்ணெய் பூசி ஜெபம் பண்ணச் சொல்லியிருக்கு.”

அக்கா தலையாட்டினார். “இருக்கு. எங்க சபை ஐயரு அந்தப் பக்கத்த வேகமாத் தாண்டிருவாரு.” பிறகு விடவில்லை. “சரி, பூசுற சாமியாரே மோசமான ஆளா இருந்தா?”

“நீங்க கோவமா இருக்கிற நாள்ல அம்மைப்பால் குத்துனா அது பலிக்காம போயிருமா?”

“அது எப்படிங்க போகும்? மருந்துதானே வேலை செய்யுது.”

“இதுவும் அப்படித்தான். குடுக்கிறவன் யோக்கியத்தால இல்ல, கிறிஸ்துநாதராலதான் பலிக்குது. செய்யவேண்டியத செய்யவேண்டிய விதமா செஞ்சா போதும்.”

“மருந்தே போலியா இருந்தா?”

“அதனாலதான் தண்ணின்னா தண்ணியே வேணும்ங்கிறது.”

“தேத்தண்ணி ஆகாதா? இந்தத் தோட்டத்துல எந்நேரமும் கொதிச்சுக்கிட்டு இருக்கிறது அதுதானே!”

ஜூலைக்குப் பிறகு அன்றுதான் நான் வாய்விட்டுச் சிரித்தேன். அவசரத்துக்கு யார் ஞானஸ்நானம் கொடுக்கலாம் என்று அடுத்துக் கேட்டார். ஆணும் கொடுக்கலாம், பெண்ணும் கொடுக்கலாம், கிறிஸ்தவ வேதத்தில் சேராதவரும் கொடுக்கலாம், திருச்சபை செய்வதைச் செய்யவேண்டும் என்ற கருத்து இருந்தால் போதும் என்றேன்.

“நான் குடுத்தாலுமா?”

“நீங்க குடுத்தாலும்தான்.”

“பரவாயில்லையே. எங்க ஆளுங்ககூட எனக்கு இம்புட்டு மரியாதை குடுக்கல.”

நான் பெருமையோடு பக்கத்தைத் திருப்பி, நிபந்தனைகளை ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே போனேன். இயற்கையான தண்ணீர் வேண்டும். அது தலைமேல் வழிய வேண்டும். ஊற்றுகிறவரே, ஊற்றும்போதே, வார்த்தைகளையும் சொல்லவேண்டும். ஒருவர் ஊற்ற, வேறொருவர் சொன்னால் அது ஞானஸ்நானம் ஆகாது.

இதை எத்தனையோ பிள்ளைகளுக்கு நான் மனப்பாடம் செய்வித்திருக்கிறேன். அன்று என் வாயிலிருந்து வந்த பிறகுதான் என் காதில் விழுந்தது.

“என்ன மாஸ்டர், பாதியில நிறுத்திட்டீங்க?”

அக்கா புத்தகத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். அவருக்குப் புரிந்ததா என்று அப்போது தெரியவில்லை. “தங்கச்சி கடைவீதியில இருந்து வர்ற நேரம். நான் வர்றேங்க” என்று குடையை எடுத்துக்கொண்டார்.

ஞானஸ்நானம் இல்லாமல் இறக்கிற குழந்தைக்கு வேதனை இல்லை, ஆனால் தேவதரிசனமும் இல்லை என்று அக்காலத்தில் குருமார் போதித்தார்கள். லிம்போ என்று அந்த இடத்துக்குப் பெயர். என் மனைவி மாதந்தோறும் யாரிடம் வேண்டிக்கொண்டிருந்தாள்? தாயும் மகளும் எந்தக் காலத்திலும் சந்திக்கப் போவதில்லையா? வழக்கத்துக்குப் பயந்து நான் அந்தச் சேலையைத் தாண்டாததால் வந்ததா இது?

அடுத்த சனிக்கிழமை பஸ் ஏறி ஹட்டனுக்குப் போனேன். சுவாமியார் முழுவதும் கேட்டார். “தண்ணீர் ஊற்றினவள் தன் வாயால் சொன்னாளா? அதைக் கேட்டு வா. சொல்லியிருந்தால் கவலையில்லை.”

“சொல்லாமல் இருந்தால் சுவாமி?”

“தேவதிரவிய அனுமானங்களால் நமக்குத்தான் கட்டு. சர்வேசுரனுக்குக் கட்டு இல்லை. அதற்கு மேல் எனக்குத் தெரியாது, மகனே.” பிறகு, “உன் மனைவியிடம் இதைக் கொண்டுபோகாதே” என்றார்.

திங்கட்கிழமை, வேலைக்குப் போகிற தாய்மார் குழந்தைகளை விட்டுப்போகும் பிள்ளைக்காம்பராவில், கைக்குழந்தைகளை நிறுத்துக்கொண்டிருந்த அக்காவைக் கண்டு கேட்டேன். அவர் தராசிலிருந்த குழந்தையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டார்.

“சொன்னேனே, மாஸ்டர்.”

“என்ன சொன்னீங்க?”

“நீங்க சொன்னதத்தான். உங்ககூடவே சொல்லிக்கிட்டே ஊத்துனேன்.”

“எனக்குக் கேக்கலையே அக்கா.”

“நீங்க போட்ட சத்தத்துல என் குரல் எங்க கேக்கும்? பிதா, குமாரன், பரிசுத்த ஆவியின் நாமத்தினாலேன்னு சொன்னேன். போங்க, பள்ளிக்கூடத்து மணி அடிச்சிருச்சு.”

அதை அப்படியே சுவாமியாருக்கு எழுதினேன். போதும் என்று பதில் வந்தது. எனக்குப் போதவில்லை. நான் சொன்னதைக் கேட்டுக் கூடவே சொல்லியிருந்தால், குமாரன், பரிசுத்த ஆவி என்பதற்கு எங்கள் சொற்களான சுதன் என்றும் இஸ்பிரீத்து சாந்து என்றும் சொல்லியிருப்பாரே என்று ஒரு நாள் தோன்றும். வாய்க்குப் பழகிய தம் சபை வார்த்தைகள்தானே அவசரத்தில் வரும் என்று மறுநாள் தோன்றும். பொய் சொல்லிப் பழக்கமில்லாத மனுஷி அவர். ஆனால் ஒரு தாயின் மனம் உடைந்துவிடாமலிருக்க ஒரு பொய் சொல்லவேண்டியிருந்தால், தயங்கியிருக்கவும் மாட்டார். சாட்சி ஒருவர் என்றால், இன்னொருவரைத் தேடுவதுதான் என் முறை. இன்னொரு சாட்சி என் மனைவி. அவள் அந்தச் செம்பிலிருந்து இரண்டு முழத் தூரத்தில் படுத்திருந்தாள். அக்காவின் குரல் அவளுக்குக் கேட்டிருக்கும், அல்லது கேட்டிருக்காது. ஆனால் கேள்வியைக் கேட்டாலே, ஏன் கேட்கிறேன் என்று அவள் தெரிந்துகொள்வாள்.

பத்து வருஷம் நான் கேட்கவில்லை. அதற்குள் அக்கா மஸ்கெலியாப் பக்கம் ஒரு தோட்டத்துக்கு மாறிப் போனார். பிறகு அங்கேயும் இல்லை என்றார்கள். 1964 நவம்பரில் என் மனைவி நோயில் விழுந்தாள். கடைசி நாட்களில் நினைவு தெளிவாகவே இருந்தது. “மொதல்ல புள்ளயத்தான் பாப்பேன். அடையாளம் தெரியுமாங்க?” என்று கேட்டாள். தெரியும் என்றேன். அவள் கையைப் பிடித்துக்கொண்டிருந்தேன். அறையில் வேறு யாரும் இல்லை. அப்போதும் கேட்கவில்லை.

பங்குக்கோயிலின் பதிவில் என் மகள் ஞானஸ்நானம் பெற்றவளாகவே இருக்கிறாள். தண்ணீரை ஊற்றியவர் வார்த்தைகளையும் சொன்னார் என்பதற்கு அவர் சொன்னதைத் தவிர ஆதாரம் எதுவும் எனக்குக் கிடைக்கவில்லை. அது இன்னும் உறுதிப்படாத செய்தி.